நல்ல கேஸ்

முதல் நாள் நான் அவரிடம் நாற்பதுக்கு மேல் கேள்விகள் கேட்டிருப்பேன். எங்கள் நர்சிங் கல்லூரி அச்சடித்துக் கொடுத்த படிவத்தில் அத்தனை இருந்தன. வயது என்ன, என்ன வேலை, வீட்டில் கக்கூஸ் உண்டா, ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள், கோயிலுக்குப் போவீர்களா, மனசில் ஏதாவது கவலை உண்டா. வலது காலை மடித்த போர்வையின்மேல் நீட்டி வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் பதில் சொன்னார். நான் பேனாவை மூடியதும், "முடிஞ்சிச்சா?" என்றார்.

"முடிஞ்சிச்சுக்கா."

"நீ இத்தினி கேட்டே, நான் சொன்னேன். இப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு. இந்தப் புண்ணு ஆறுமா, ஆறாதா?"

எனக்குத் தெரியவில்லை. "டாக்டர்கிட்ட கேளுங்கக்கா" என்றேன்.

"கேட்டேன். சிஸ்டர் சொல்லுவாங்கன்னாரு. சிஸ்டரக் கேட்டா ஸ்டூடண்ட் புள்ளைங்க வரும், விவரமா சொல்லும்னாங்க. நீ டாக்டரக் கேளுன்ற. நல்லாருக்குதே."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதில் கிடைக்கும் வரை என்னை விடப்போவதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அன்று மாலை அரியாங்குப்பத்துக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக, பரீட்சைக்காக இல்லாமல் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். மறுநாள் போய்ச் சொன்னேன். "ஆறும்க்கா. ஆனா அந்த எடத்துல பாரம் எறங்கக் கூடாது. சக்கரையும் ஏறக் கூடாது. ரெண்டுல ஒண்ணு தப்பினாலும் ஆறாது."

"இத சொல்றதுக்கு எட்டு நாளாச்சு பாரு, இந்த ஆஸ்பத்திரியில" என்றார்.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டதில்லை, கேட்காமல் தன்னை எதற்கும் எடுத்துக்கொள்வதை அவர் பொறுத்ததும் இல்லை. வார்டில் எல்லோரும் அவரைப் பதினாலாம் பெட் என்றார்கள். எங்கள் கிளினிக்கல் மேடம், அதாவது வார்டில் எங்களைக் கூடவே நின்று பயிற்றுவிக்க வேண்டியவர், "நல்ல கேஸ்" என்றார். அதற்குப் பிறகு நான் இருபது வருஷத்துக்கு மேல் சக்கரை நோயாளிகளோடு வேலை பார்த்தாயிற்று. அந்த இரண்டு வார்த்தைகளைச் சேர்த்து யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் காது சுடுகிறது.

நல்ல கேஸ் என்றால் என்ன? படிக்கிறவர்களுக்குக் காட்ட ஒரே உடம்பில் எல்லாம் இருக்கிறது என்று பொருள். பாதத்தில் உணர்ச்சி இல்லை, கட்டைவிரலுக்குக் கீழே ரூபாய் நாணய அளவுக்குப் புண், கண்ணில் லேசாக மங்கல். வயது நாற்பத்து மூன்று. தெளிவாகப் பேசுவார். ஒரு பெண்ணின் கெட்ட காலம் முழுவதும் சேர்ந்தால் எங்களுக்கு அது நல்ல கேஸ்.

எங்கள் பேட்சில் பன்னிரண்டு பேர். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையை மேடம் செய்து காட்டினார். அக்கா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், இழை படும்போது 'ம்' சொல்ல வேண்டும். பிறகு நாங்கள் ஒவ்வொருவராகத் தொட்டோம். 'ம்' வரவே இல்லை. ஐந்தாவது பெண் தொட்டுவிட்டு நகர்ந்ததும் கண்ணைத் திறந்தார்.

"எனக்குத் தெரியலன்றது அஞ்சு பேருக்குத் தெரிஞ்சிபோச்சு. மீதி ஏழு பேருக்கு எதுக்கு?"

"ஸ்டூடண்ட்ஸ் கத்துக்கணும்லம்மா" என்றார் மேடம்.

"கத்துக்கட்டும். வேணான்னு சொன்னனா? எங்கிட்ட கேட்டுட்டுக் கத்துக்கட்டும். என் காலு இது. வந்து நின்னு, பேரச் சொல்லி, அக்கா தொட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டா நான் என்னா மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

மேடத்தின் முகம் சிவந்தது. ஆனால் வேறு வழியில்லை. மீதி ஏழு பேரும் வரிசையாகப் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தொட்டார்கள். ஏழு பேருக்கும் பொறுமையாகக் காலைக் காட்டினார். ஏற்கெனவே தொட்டுவிட்ட ஐந்து பேரையும் கூப்பிட்டுப் பெயர் கேட்டார். அடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு பேரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். மேடத்துக்கு எங்களில் பாதிப் பேரின் பெயர் அந்த வருஷம் முடியும் வரை குழப்பம்தான்.

அவர் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். மருந்து பாட்டிலுக்கு பிளாஸ்டிக் மூடி செய்கிற இடம். மெஷினிலிருந்து விழுகிற மூடிகளில் பிசிறு இருந்தால் பொறுக்கி எறிய வேண்டும். எட்டு வருஷமாக அதே மெஷின், நின்றபடியே. ஒருநாள் ஷூவுக்குள் பிளாஸ்டிக் துண்டு ஒன்று விழுந்திருக்கிறது. காலில் உணர்ச்சி இல்லாததால் அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டில் ஷூவைக் கழற்றியபோது சாக்ஸ் ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அப்படி வந்த புண் அது.

இது எதுவும் என் படிவத்தில் இல்லை. தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

நோயாளிக்குச் சுகாதாரக் கல்வி கொடுப்பது எங்கள் பயிற்சியில் ஒரு பகுதி. இரண்டு நாள் உட்கார்ந்து கலர் பென்சிலில் சார்ட் வரைந்தேன். ஆப்பிள் வரைந்தேன், ஓட்ஸ் வரைந்தேன். அவருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ஒப்பித்தேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். மெத்தென்ற செருப்புப் போட வேண்டும். அதிக நேரம் நிற்கக் கூடாது.

கடைசி வரை கேட்டார்.

"காலைல எட்டு மணிக்கு உள்ள போவேன். பன்னண்டரைக்குத்தான் பெல்லு. நடுவுல மெஷின விட்டு நகந்தா சூப்பர்வைசர் சீட்டுல எழுதுவாரு. ஊசியப் போட்டுக்கிட்டு போறேன், பதினோரு மணிக்குக் கை நடுங்குது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது. நான் எங்க நின்னு சாப்படறது? செருப்பு போடக் கூடாது, ஷூதான். உக்காற ஸ்டூலு கெடையாது. இப்ப நீ சொல்லு, உன் படத்துல எத நான் செய்ய?"

சார்ட்டைச் சுருட்டினேன். ஆனால் அவர் சொன்னதையெல்லாம் அப்படியே, அவருடைய வார்த்தைகளிலேயே, நர்சிங் குறிப்பில் எழுதினேன். அதுதான் நான் அந்த வருஷத்தில் செய்த ஒரே ஒழுங்கான வேலை என்று இன்றும் நினைக்கிறேன். மேடம் அதைப் படித்துவிட்டுச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார்.

"கம்பெனிக் கதையெல்லாம் எதுக்கு இங்க? நாலெட்ஜ் டெபிசிட்னு போடு. எல்லாரும் அதத்தானே போட்டிருக்காங்க?"

திருத்தி எழுதிக்கொண்டு அவருடைய படுக்கைப் பக்கம் போனேன். என் நோட்டைக் கேட்டு வாங்கினார். எட்டாவது வரை படித்தவர், இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

"நா... லெட்ஜ்... டெபிசிட். இன்னான்னு அர்த்தம்?"

சொல்லாமல் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. "அறிவு கொறைவுன்னு அர்த்தம்க்கா" என்றேன்.

"யாருக்கு?"

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "சக்கரையப் பத்தி நீ சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும், பொண்ணு. எட்டு வருஷமாத் தெரியும். தெரியாம இல்ல, முடியல. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதுன்னு உங்க புத்தகத்துல போடலியா?"

போடவில்லை. வருஷா வருஷம் எத்தனை மாணவிகள் எத்தனை ஏழைகளின் கட்டிலோரம் நின்று அந்த வார்த்தையை எழுதியிருப்போம். வேலைக்குப் போகிற இடத்தில் ஒரு ஸ்டூல் இல்லை என்பதற்கு இவருக்கு அறிவு இல்லை என்று பெயர் வைத்தோம், அதற்கு மார்க்கும் வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் வியாழக்கிழமையே சொல்லியிருந்தார். புண் காய ஆரம்பித்திருந்தது. மூன்று நாளாகச் சக்கரையும் ஒழுங்காக இருந்தது. கம்பெனியில் சனிக்கிழமை வரைதான் லீவு. திங்கட்கிழமை வராவிட்டால் மெஷினில் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருந்தார்.

எங்களுக்குச் செய்முறைப் பரீட்சை அடுத்த வாரம். திங்கள் முதல் புதன் வரை.

வெள்ளிக்கிழமை காலை டிரஸ்ஸிங் டிரேயைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் மேடம் ட்யூட்டி டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். "பதினாலாம் பெட் நல்ல கேஸ் டாக்டர். எக்ஸாமினர் வெளியூர்லேர்ந்து வர்றாங்க. புதன்கெழமை வரைக்கும் வெச்சிருங்க, ப்ளீஸ்." டாக்டர் சிரித்துக்கொண்டே கேஸ் ஷீட்டில் ஏதோ எழுதினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பத்து மணிக்கு அக்கா பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சக்கரை இன்னும் அடங்கவில்லை, புதன்கிழமை போகலாம் என்று அவரிடம் சொல்லப்பட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"காலைல நீதான விரல்ல குத்திப் பாத்தே? நல்லாருக்குதுன்னு சொன்னியே. இப்ப எப்டி ஏறும்?"

"டாக்டர் சொல்லணும்க்கா."

"நான் உன்னைக் கேக்கறேன்."

"தெரியலக்கா" என்றேன். கை ஈரத்தை யூனிபாரத்தில் துடைத்தபடி நகர்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் ஒரு ரூபாய் போனில் கம்பெனியைக் கூப்பிட்டார். நான் பார்த்தேன். ஒரு காசு தீர்ந்ததும் இன்னொன்று போட்டார். ரிசீவரை வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். எந்தக் காலில் பாரம் இறங்கக் கூடாது என்று நான் சார்ட் வரைந்து சொன்னேனோ அந்தக் காலில்.

சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போயிருக்கலாமே என்று பிற்பாடு சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஓடிப்போனவர் என்று ஷீட்டில் எழுதிவிடுவார்கள், அடுத்த தடவை வந்தால் சேர்க்க மாட்டார்கள் என்று அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். ஆறாத நோய்க்காரரால் ஆஸ்பத்திரியைப் பகைத்துக்கொள்ள முடியாது. அது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை வைத்துத்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தோம்.

பரீட்சையில் சீட்டுக் குலுக்கி எடுத்ததில் எனக்கு விழுந்தது பதினாலாம் பெட். புதன்கிழமை காலை, கடைசி ஆள் நான். எக்ஸாமினர் கண்ணாடி போட்ட, நடுத்தர வயதுப் பெண்மணி. எங்கள் மேடம் பக்கத்தில் நின்றார். நான் பெயர் சொல்லி, கேட்டுவிட்டு, அக்காவின் காலைத் தொட்டேன். கட்டைப் பிரித்து, கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். பிறகு அந்தச் சார்ட்டையே திரும்ப ஒப்பித்தேன்.

எக்ஸாமினர் அக்காவிடம் கேட்டார். "இந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் புரிஞ்சுதாம்மா?"

"புரிஞ்சுதுங்க. நான் ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வெள்ளிக்கெழம போவலாம்னு இருந்தவள புதங்கெழம வரைக்கும் எதுக்கு வெச்சிருக்காங்க?"

"அவங்களுக்குச் சரியாப் புரியல மேடம்" என்று எங்கள் மேடம் குறுக்கிட்டார். எக்ஸாமினர் என் பக்கம் திரும்பினார். "சுகர் ரீடிங் சொல்லு." ஏழு நாள் கணக்கையும் சொன்னேன். எல்லாம் ஒழுங்கான கணக்கு. "நல்லாத்தானே இருக்கு? அப்ப ஏன் டிஸ்சார்ஜ் ஆகல?"

மேடம் என்னையே பார்த்தார். அந்தக் கண்ணில் என்னுடைய இன்டர்னல் மார்க் முழுவதும் இருந்தது. "தெரியல மேடம்" என்றேன்.

"தெரியும்" என்றார் அக்கா. "சொல்ல மாட்டேங்குது." பிறகு எக்ஸாமினரிடம், ரொம்ப நிதானமாக, "கட்டு நல்லாதான் கட்டிச்சு. வலிக்காம, சுத்தமா செஞ்சிச்சு. அதுக்கு மார்க்கு போடுங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லல. அதுக்குப் போடாதீங்க" என்றார்.

எக்ஸாமினர் பேனாவைக் கொஞ்ச நேரம் காகிதத்தின்மேல் பிடித்திருந்தார். பிறகு ஏதோ எழுதிவிட்டு நடந்தார். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. நான் பாஸ்.

அடுத்த வாரம் அவர் கட்டு மாற்றிக்கொள்ள வந்தார். டிரஸ்ஸிங் ரூமில் நான்தான் இருந்தேன்.

"மெஷின்ல வேற ஆளப் போட்டுட்டாங்க" என்றார். "நான் வேணும்னே வரலன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. பரீட்சைக்குத்தான என்னை வெச்சிருந்தீங்க? பக்கத்து பெட்டு ஆளுங்க எல்லாம் பேசிக்கிட்டாங்க. உன் வாயால சொல்லு."

"ஆமாக்கா."

"எழுதிக் குடு."

எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை. நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்து, பேப்பரை நகர்த்தி வைத்தார். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

அதைக் கம்பெனிக்குக் கொண்டுபோனார். ஸ்டூடண்ட் எழுதியது செல்லாது, டாக்டர் எழுதித் தரட்டும் என்றார்கள். வார்டுக்குப் பொறுப்பான பெரிய டாக்டரிடம் கொண்டுவந்து கொடுத்தார். பெரிய டாக்டர் மேடத்தைக் கூப்பிட்டார். மேடம் என்னைக் கல்லூரிக்குக் கூட்டிப்போய் பிரின்ஸிபல் அறையில் நிறுத்தினார்.

"உன் ப்ளஸ் டூ சர்ட்டிபிகேட் எல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார் பிரின்ஸிபல்.

"இங்க, காலேஜ்லதான் மேடம்."

"அது ஞாபகம் இருந்தா போதும்."

நெசவு மில் மூடியபின் வாட்ச்மேனாகப் போன அப்பா, கடன் வாங்கி என்னைச் சேர்த்திருந்தார். 'விவரம் தெரியாமல் தவறாக எழுதிவிட்டேன்' என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். அது பெரிய டாக்டருக்குப் போனது. மேடம் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அன்று எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "உன் நல்லதுக்குத்தான்" என்றார். அவர் மனதார அதை நம்பினார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

இரண்டு நாள் கழித்து, காலை ரவுண்ட்ஸ் நேரம். பெரிய டாக்டர், ட்யூட்டி டாக்டர், மேடம், நாங்கள் பன்னிரண்டு பேர். வார்டு வாசலில் அக்கா வந்து நின்றார். கையில் இரண்டு காகிதம். பெரிய டாக்டரின் அறையில் கேட்டு வாங்கிய ஜெராக்ஸ். நேராக என்னிடம் வந்தார்.

"ரெண்டும் உன் கையெழுத்து. எது நெசம்?"

"மொதல்ல எழுதினதுக்கா."

"பெரிய டாக்டருக்குக் கேக்கல. சத்தமா சொல்லு."

"மொதல்ல எழுதினதுதான் நெஜம்" என்றேன். என் குரல் வார்டின் கடைசிக் கட்டில் வரை போனது. யாரோ ஒரு நோயாளி எழுந்து உட்கார்ந்தார்.

பெரிய டாக்டர் பழைய ஷீட்டை எடுத்துவரச் சொன்னார். நின்றபடியே புரட்டினார். ட்யூட்டி டாக்டரைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து மூன்று வரி எழுதி சீல் வைத்துக் கொடுத்தார். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். மருத்துவக் கண்காணிப்புக்காகப் புதன்கிழமை வரை வைக்கப்பட்டிருந்தார் என்று இருந்தது.

"கண்காணிப்பா?" என்றார்.

"கம்பெனிக்கு இது போதும்மா" என்றார் பெரிய டாக்டர், தலையைத் தூக்காமல்.

காகிதத்தை நாலாக மடித்தார். "பொய்தான். ஆனா இது என் பொய் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கம்பெனி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது, புது ஆளாக. எட்டு வருஷ சர்வீஸ் போயிற்று. எங்கள் பன்னிரண்டு பேரின் பரீட்சைக்கு அவர் கொடுத்தது அது. அதற்காக ஆஸ்பத்திரியிலோ கல்லூரியிலோ யாரும் அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. சேர்த்துக்கொண்ட முதல் நாளே அவர் ஒரு ஸ்டூல் கேட்டாராம். தரவில்லை. தினமும் கேட்டாராம். பத்தாவது நாளோ என்னவோ, ஸ்டோரிலிருந்து கால் உடைந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்களாம். அதற்கு ஆணி அடித்து அவரே சரி செய்துகொண்டார்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது பஞ்சு உருட்டுகிற ரூமில். வார்டு ரவுண்ட்ஸில் சத்தம் போட்டதற்காக என்னை நோயாளிகள் பக்கமே போகக் கூடாது என்று அந்த ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். காலையிலிருந்து மாலை வரை பஞ்சை உருண்டையாக உருட்டி டப்பாவில் போட வேண்டும், கட்டுப் போடும் காஸ் துணியைச் சதுரமாக மடிக்க வேண்டும். கட்டு மாற்றிக்கொண்டு திரும்பும்போது கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்.

"இங்க என்னா பண்ற?"

"பனிஷ்மெண்ட்க்கா."

"எத்தினி நாளு?"

"சொல்லல. அவங்களா கூப்புடற வரைக்கும்."

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

"ஒழுங்கீனம்னாங்க."

"வாயாலயா சொன்னாங்க, எழுதிக் குடுத்தாங்களா?"

"வாயாலதான்."

அவருக்குக் கோபம் வந்ததை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். தனக்காக வராத அளவு வந்தது. "ஏண்டி, உனக்கு அறிவில்ல? என்னா தப்பு பண்ணே, எத்தினி நாளுன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு. போ. இப்பவே போய்க் கேளு. வாயால சொன்னதெல்லாம் நாளைக்கு இல்லன்னுடுவாங்க."

அன்று மாலை நான்கு மணிக்குப் பிரின்ஸிபல் அறைக்குப் போனேன். தண்டனை எதற்கு என்றும், எத்தனை நாள் என்றும் எழுத்தில் வேண்டும் என்று கேட்டேன். பிரின்ஸிபல், அங்கே உட்கார்ந்திருந்த எங்கள் மேடத்தைப் பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் நின்றேன்.

எழுதிக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை வார்டுக்கு வரச் சொன்னார்கள்.